அத்தையின் பூகம்பம்

இந்த நாட்டில் பூமி எங்கே, எப்போது, எவ்வளவு ஆடியது என்பதையெல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுக்க வேண்டும் என்று வடக்கே ஒரு பெரிய அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியது. தோன்றியவருக்கு என்ன, தோன்றிவிட்டுப் போய்விட்டார். தென்னாட்டு மலைகளின் பகுதி எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் என்றால், குன்னூருக்கு மேலே தேயிலைச் சரிவின் உச்சியில், இரண்டே அறை கொண்ட நில அதிர்வு நிலையத்தில் வேலை பார்த்த எங்கள் அதிகாரியும் நானும். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளை. எந்நேரமும் தலை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பூமியின் ஆட்டத்தை அளக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று என் கணவர் கேலி செய்வார்.

பூகம்பம் பிடிக்கிறவர்கள் நாட்டில் ஒரே கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வானிலைக்காரர்கள் தனியாகப் பிடித்தார்கள். அணைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் அணைக்குப் பக்கத்தில் தனிக் கருவி வைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாக்காரர்கள் தனி. ஒரு கல்லூரிக்காரர்களும் மாணவர்களை வைத்துக்கொண்டு தங்களால் ஆனதைப் பிடித்தார்கள். ஒரே பூகம்பத்தை நாலு கூட்டமும் பிடித்து, நாலு இடத்தில் நிறுத்தி, நாலு அளவு சொல்லி அனுப்பும். ஒருவருக்கு அது பாலக்காட்டில் வந்திருக்கும், இன்னொருவருக்குப் பொள்ளாச்சியில். அது ஒன்றா இரண்டா என்று தீர்ப்புச் சொல்வதுதான் எங்கள் வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது தரம் வந்து உட்கார்ந்தவரை அடையாளம் கண்டு எழுப்புகிற மாதிரியான வேலை. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. அதன்மேல் பைத்தியமாக இருந்தேன். மசக்கைக்காரி என்பதையும் மறந்து காலையில் அந்த மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறுவேன்.

எங்கள் அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குளிர் அவருக்கு ஜன்ம விரோதி. குல்லாயை ஏப்ரல் மாதத்திலும் கழற்ற மாட்டார். பூகம்பங்களை அவர் கோர்ட்டுக் கேஸ் மாதிரி நடத்தினார். எந்த ஆட்டமாக இருந்தாலும் இரண்டு கூட்டத்தாராவது பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் இடம் கிடையாது.

“ஒத்தைச் சாட்சி செல்லாதும்மா” என்பார். “ஒரு கருவி ஆடினா கருவி ஆடிச்சுன்னுதான் அர்த்தம். ரெண்டு கருவி ஆடினாத்தான் பூமி ஆடிச்சு.”

எந்த ஆட்டத்தை ஜனங்கள் உணர்ந்தார்கள் என்பதையும் விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்காக எஸ்டேட்டுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கார்டு போட்டோம். வாசகத்தை எழுதியவர் எங்கள் அதிகாரி. “தங்கள் பகுதியில் எப்போதாவது நடுக்கம் உணரப்பட்டதா? விவரம் தரவும்.” நிலம் என்ற சொல்லை ஏனோ விட்டுவிட்டார். பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. “நடுக்கம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் தாங்க முடியவில்லை.” “விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு நடுக்கம் மிகவும் அதிகம். கம்பளி வழங்க ஆவன செய்யவும்.” ஒரு தலைமையாசிரியர், தமக்கு நடுக்கம் இடது கையில் மட்டும் இருப்பதாகவும், ஊட்டி டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு, “எனக்கும் உண்டுன்னு நானே ஒரு கார்டு போட்டுக்கணும் போலிருக்கு” என்றார்.

மாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கருவி, நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நிலவறையில், பாறைமேல் உட்கார்ந்திருந்தது. நிலையத்து அறைக்குள், அதோடு கம்பியால் இணைத்த ஒரு உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சுற்றிய காகிதத்தில் ஒரு பேனா ஓயாமல் கோடு இழுக்கும். காட்டெருமைக் கூட்டம் நிலவறைப் பக்கம் மேய வந்தால் பேனா குதிக்க ஆரம்பித்துவிடும். காகிதத்தைக் கழற்றும்போது அந்தக் குதிப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் “மாடு” என்று எழுதிவிடுவோம். வடக்கேயிருந்து பரிசோதனைக்கு வருகிறவர்களுக்காக இங்கிலீஷ் எழுத்திலும் அதையே எழுதுவோம். ஒரு பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, “இந்த மாடு என்கிற ஊர் எங்கே இருக்கிறது? இவ்வளவு பூகம்பம் வருகிற ஊரைப் பற்றி நீங்கள் ஏன் அறிக்கை அனுப்பவில்லை?” என்று அதட்டலாகக் கேட்டாராம். எருமை எப்படி மாடாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். எழுதச் சுலபம், அவ்வளவுதான்.

இனி அத்தை. அத்தை என்றால் என் மாமியார். நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்ததும் கோயமுத்தூரிலிருந்து ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் மசால் பொடியுமாக மலையேறி வந்துவிட்டார். எதைத் தின்றாலும் எனக்கு வெளியே வந்துகொண்டிருந்த காலம். அத்தை வைக்கும் அரிசிம்பருப்புச் சாதம் மட்டும் வயிற்றில் நின்றது. மாமியார், மருமகள் என்று ஊரில் சொல்கிற கதைகள் எதுவும் எங்களுக்குப் பொருந்தவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம். நான் அன்றைக்குப் பிடித்த பூகம்பங்களைச் சொல்வேன். “கரூர்ல ஆடுச்சா? அங்க எங்க சித்தப்பன் மக இருக்கறாளே. அவ நடந்திருப்பா” என்பார். நல்ல பருமனான சொந்தக்காரி போலிருக்கிறது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, என் கணவர் தூங்கப் போய்விட்டார். அவர் தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அத்தை சமையலறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். எனக்குத் தலை சுற்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்குத் தினப்படி சமாச்சாரம்.

“அம்மிணி, ஊடு ஆடுது!” என்றார் அத்தை.

நான் திரும்புவதற்குள் கீரைக்கட்டோடு வாசலைத் தாண்டிவிட்டார். எங்கள் குடியிருப்பில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். அத்தை ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினார். “ஊடு ஆடுதுங்க! எல்லாரும் வெளிய வாங்க! கொழந்தைகளைத் தூக்கிட்டு வாங்க!” தூங்கிக்கொண்டிருந்தவர்கள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவர் பாதிச் சவரத்தோடு வந்தார். எல்லோரும் சாலையில் நின்றோம். பூமி அசையவே இல்லை. வெயில் இளசாக அடித்தது. ஒரு டீ லாரி கீழே வளைவில் முனகிக்கொண்டு போனது.

“டம்ளரெல்லாம் கிணிகிணின்னுச்சுங்க. குடத்துத் தண்ணி அலையடிச்சுது” என்றார் அத்தை.

“லாரி போயிருக்குமுங்கம்மா” என்றார் பாதிச் சவரக்காரர்.

முதலில் என் கணவர்தான் சிரித்தார். அதுதான் தப்பாகப் போய்விட்டது. மகனே சிரித்த பிறகு மற்றவர்கள் ஏன் சும்மா இருப்பார்கள்? மொத்த வரிசையும் சிரித்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் கொடியில் துணியைப் போடுமுன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏனுங்கம்மா, இன்னிக்கு ஆடுமுங்களா? துணி காயப் போடலாமுங்களா?” என்றாள். அத்தை அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். குழாயடியில் ஒருத்தி சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. “மருமகள் உண்டானதிலிருந்து எல்லாரும் அவளையே தாங்கறாங்களல்லோ. நம்மையும் நாலு பேரு பார்க்கட்டும்னு கெழவி கிளப்பி உட்டிருக்குது.”

அத்தை கோபக்காரர், பிடிவாதக்காரர், சீட்டு விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடுகிறவர். எல்லாம் உண்மை. ஆனால் நடக்காததை நடந்தது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாமா போன பிறகு தோட்டத்தையும் இரண்டு பிள்ளைகளையும் நாணயமான சொல் ஒன்றை வைத்தே காப்பாற்றியவர். அன்று மாலையிலிருந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உன்ர மிஷின்ல இருக்குமல்ல அம்மிணி? போய்ப் பாரு. யாரு பேச்சையும் நான் கேக்கல. உன்ர மிஷின் சொல்லட்டும்.”

திங்கட்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மேட்டில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை முறை எங்கள் அதிகாரியுடையது. காகிதத்தைக் கழற்றி, குறித்து, அடுக்கிலும் வைத்துவிட்டிருந்தார். நான் எடுத்துப் பார்த்தேன். மதியத்தில் பேனா குதித்திருந்தது. அதன் பக்கத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், “மாடு.”

“பெரிய கூட்டம்மா நேத்திக்கு” என்றார் அதிகாரி. “ஜன்னல்லேர்ந்து நானே பார்த்தேன். கன்னுக்குட்டியோட வந்திருந்தது.”

நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் மற்றக் கூட்டத்தாரின் பட்டியல்கள் வரட்டும் பார்ப்போம் என்றார். அவை மாதக் கடைசியில் வந்தன. வானிலைக்காரர்களிடம் அந்த மதியத்தில் ஒன்றும் இல்லை. கேரளாக்காரர்களிடம் இல்லை. கல்லூரிக்காரர்களின் கருவி ரிப்பேர். அணைக்காரர்களிடம் அன்று ஒன்று இருந்தது, ஆனால் அது ராத்திரி வந்தது. “மாமியார் நெட்வொர்க்கை நம்ம கணக்குல சேர்க்க முடியாதேம்மா” என்றார் அதிகாரி. அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அத்தை அதுவரை தினமும் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கும் நின்றார். சுற்றி வளைக்கத் தெரியாமல் நான் உண்மையைச் சொன்னேன்.

“மாடுங்கத்தை.”

“என்னது?”

“மிஷின்ல இருக்கறது மாடுங்கத்தை.”

“நான் பூமி ஆடுச்சுங்கறேன். நீ மாடுங்கறே?” என்றார். “ஊர்க்காரி கெழவின்னா. என்ர மகன் சிரிச்சான். நீ மாடுங்கறே. செரி.”

அந்தச் “செரி” எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் என் கணவர் கெஞ்சினார். நான் அழுதேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “பொய்க்காரின்னு பேரு வாங்கின ஊர்ல நான் எப்படி குழாயடிக்குப் போவேன்?” என்றார். “உன்ர மேல எனக்குக் கோபமில்ல கண்ணு. உன்ர மிஷின் ஒத்துக்கிட்டாச் சொல்லியனுப்பு. அன்னிக்கு வர்றேன்.” பஸ் கிளம்பியது.

“எங்கம்மா பொய் சொல்லாது. உன் மிஷினும் பொய் சொல்லாது. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்” என்றார் என் கணவர். குழப்பம் வந்தால் அவருக்கு டீ.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. என் கணவரும் அரிசிம்பருப்பு வைத்துப் பார்த்தார். முதல் நாள் அரிசி தனியாக, பருப்பு தனியாக நின்றன. அடுத்த நாள் இரண்டும் சேர்ந்து பாத்திரத்தோடும் சேர்ந்துகொண்டன. அந்தப் பாத்திரத்தை நாங்கள் பிறகு பூச்செடிக்கு வைத்துக்கொண்டோம். எனக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோயமுத்தூருக்குப் பேசினால் அத்தை எல்லாவற்றையும் விசாரிப்பார். பிள்ளை அசைகிறதா, கால் வீங்குகிறதா, கொள்ளு ரசம் வைத்தாயா. கடைசியில் குரல் இறங்கும். “மிஷின் ஏதாச்சும் சொல்லுச்சா?” இல்லீங்கத்தை என்பேன். “செரி, வெச்சிரு” என்பார். அந்த ஒரு ஆட்டம் நிஜம் என்று நிரூபணமாக வேண்டும், அத்தை மலையேற வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

இதற்கு நடுவில் பட்டியல் வேலை கழுத்தை நெரித்தது. அனுப்ப வேண்டிய கெடு நெருங்க நெருங்க, ஒற்றைச் சாட்சிக் கேஸ்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை அணைக்காரர்களுடையவை. அவர்கள் பிடித்தது எதையும் வேறு யாரும் பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிடித்தது எதையும் அவர்கள் பிடிக்கவில்லை. “இவங்க தனியா வேறே ஏதோ பூமியிலே இருக்காங்களா?” என்று அதிகாரி அலுத்துக்கொண்டார்.

அவர்கள் பட்டியலில் கல்குவாரி வெடிகளையும் குறித்திருந்தார்கள். அவற்றை அடித்துக்கொண்டே வந்தபோது எனக்கு என்னவோ இடித்தது. நேரமெல்லாம் லண்டன் நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. உலகம் முழுக்கப் பூகம்பக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம் நேரம் வேண்டுமென்றால் அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூட்டினால் அணைக்காரர்களின் வெடிகள் எல்லாம் இருட்டிய பிறகு வெடித்தன. இருட்டில் எவன் பாறைக்கு வெடி வைப்பான்?

நான் போனை எடுத்தேன். அணையில் கருவியைப் பார்த்துக்கொண்டவரோடு அன்று நான் பேசிய பேச்சை என் பிள்ளைகளுக்கு நூறு தரம் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

“உங்க லிஸ்ட்ல போட்டிருக்கற நேரம் எப்படிங்க போட்டீங்க?”

“மணி பார்த்துத்தானுங்க போட்டோம்.”

“அது செரீங்க. எந்த ஊரு மணிங்க?”

“நம்மூரு மணிதானுங்க. வேறெந்த ஊரு மணிங்க?”

“லண்டன் மணியில எழுதச் சொல்லி சர்க்குலர் வந்துச்சுங்களே!”

“வந்துச்சுங்க. அணை இங்கதானே இருக்குது, லண்டன் மணி எதுக்குன்னு உட்டுட்டமுங்க.”

எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. போனை வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டேன். அதிகாரி பயந்து எழுந்துவிட்டார். “என்னம்மா, டாக்டரைக் கூப்பிடணுமா?” என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே பென்சிலைத் தேடினேன். நாங்கள் தேவையில்லாமல் கூட்டிய ஐந்தரை மணியைக் கழித்தோம். அடடா! ஒற்றையாக நின்றவையெல்லாம் மளமளவென்று ஜோடி சேர ஆரம்பித்தன. பாலக்காட்டு ஆட்டத்துக்கு ஜோடி. இடுக்கிப் பக்கத்து ஆட்டத்துக்கு ஜோடி. திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை மைக்கில் கூப்பிட்டு ஒவ்வொன்றாக ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. அதிகாரி ஒரு பக்கம் வாசிக்க, நான் ஒரு பக்கம் “இருக்கு சார்! இருக்கு சார்!” என்று கூவ, வெளியே தேயிலைக்கு நடுவே போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அணைக்காரர்களின் ராத்திரி ஆட்டம் மதியத்துக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தது. சாப்பாடு முடிந்து, ஊர் உறங்குகிற நேரம்.

நான் அடுக்குக்கு ஓடினேன். “ஓடாதேம்மா, ஓடாதே” என்று அதிகாரி பின்னாலேயே ஓடி வந்தார். அந்த நாள் காகிதத்தை மேஜையில் விரித்து நாலு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்தோம். “மாடு” என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குதிப்பு அப்படியே இருந்தது. இந்தத் தரம் ஆரம்பத்தைப் பார்த்தோம். மாடு மேய்ந்தால் பேனா மெல்ல மெல்லக் கிறுக்க ஆரம்பிக்கும். இங்கே கோடு அமைதியாக வந்து, திடீரென்று ஒரு சின்னக் கீறல். கொஞ்சம் விட்டு அதைவிடப் பெரிய ஆட்டம். பிறகு தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. அடங்குமுன் அதன் மேலேயே தடதடவென்று குளம்படிகள். பூகம்பத்தின் முதல் அலை, இரண்டாம் அலை, அப்புறம்தான் மாடு.

“மாடு ஓடியிருக்கு சார்” என்றேன். “மேயற மாடு எதுக்கு சார் ஓடணும்?”

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. இரண்டு அலைக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார்; ஆட்டம் எவ்வளவு தூரத்தில் வந்தது என்று அதுதான் சொல்லும். அணையிலிருந்து அளந்த தூரத்தையும் இங்கிருந்து அளந்த தூரத்தையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாருக்கு மேலே காட்டுச் சரிவில் வெட்டிக்கொண்டன. அவர் குல்லாயைக் கழற்றினார். அவருக்குத் தலையில் அவ்வளவு முடி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“பூகம்பம்தாம்மா” என்றார். தாம் எழுதிய “மாடு”வின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் ஒரு வரியை எழுதச் சொன்னார். நாள், நேரம், இடம், ஆழம், அளவு. கடைசிக் கட்டம் வந்ததும் நான் பேனாவை நிறுத்தினேன். அது மனிதர்கள் உணர்ந்தார்களா என்று குறிக்கிற கட்டம். பெரும்பாலும் காலியாகவே விடுவோம். “என்ன நிறுத்திட்டே? போடும்மா” என்றார். “குடியிருப்பு முழுக்கக் கதவைத் தட்டி அறிவிச்சிருக்காங்க. இதைவிட அறிக்கை வேணுமா?”

பூத்திலிருந்து பேசியபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “அத்தை, மிஷின் ஒத்துக்கிச்சுங்கத்தை! நெசமாலுமே ஆடியிருக்குதுங்க!” என்று கத்தினேன். பூத்துக்காரர் வெளியே வந்து நின்றுகொண்டார்.

“மாடு?” என்றார் அத்தை.

“மாடும் உண்டுங்கத்தை. பூமி ஆடுச்சுன்னுதான் மாடு ஓடியிருக்குது.”

“மாட்டுக்குத் தெரிஞ்சிருக்குது” என்றார். “என்ர மகனுக்குத் தெரியல.”

மறுநாள் வந்து இறங்கினார். வழியில் பர்லியாரில் பஸ் நின்றபோது இறங்கி, மசக்கைக்கு நல்லது என்று ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம் வாங்கியிருந்தார். ஆட்டம் வந்த இடத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாராம். “ஒண்ணுந் தெரியல. மரந்தான் நிக்குது” என்றார். வீட்டுக்குள் போகுமுன் குழாயடிக்குப் போனார். குடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, வீடு வரைக்கும் கேட்டது. பாதிச் சவரக்காரர் அன்று முழுச் சவரத்தோடு வந்து, “நாந்தான் லாரின்னு சொல்லிப்போட்டனுங்கம்மா” என்று தலையைச் சொறிந்தார். என் கணவர் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் படாமல் உள்ளே போனார். அன்று சாயங்காலம் நான் அரிசிம்பருப்புச் சாதத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டது அத்தனையும் வயிற்றில் நின்றது.

பட்டியல் அச்சுக்குப் போகுமுன் தட்டச்சு செய்த பக்கத்தின் நகல் ஒன்றை அத்தைக்காக எடுத்து வந்திருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் முழுக்கப் பார்த்தார். எல்லாம் எண்கள்.

“இதுல என்ர ஆட்டம் எது?”

விரலை வைத்துக் காட்டினேன்.

“எத்தச்சோடு?”

“ரொம்பச் சின்னதுங்கத்தை. பட்டியல்லயே சின்னதுகள்ல ஒண்ணு.”

அத்தைக்கு முகம் சுருங்கியது. “நல்லாத்தானே ஆடுச்சு” என்றார். பிறகு விரலை வரியோடு நகர்த்திக்கொண்டே போய் கடைசியில் நிறுத்தினார். “இதென்ன, இங்க மட்டும் ஒரு எழுத்து?”

“அது இங்கிலீஷ் எஃப்புங்கத்தை. ‘ஃபெல்ட்’, மனுசங்க உணர்ந்தாங்கன்னு அர்த்தம். மீதி எல்லாம் மிஷின் சொன்னதுங்க. அந்த எழுத்து மட்டும் நீங்க சொன்னது.”

அத்தை வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்தார். அடுப்பில் பால் பொங்கியதை நான்தான் இறக்கினேன்.

“நான் மட்டுமா?” என்றார். “நீயுந்தான் அன்னிக்கு ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு நின்னே. நான் பார்த்தனல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலையத்தில் உட்கார்ந்து மலை முழுக்க யார் யார் உணர்ந்தார்கள் என்று விசாரித்தவள் நான். என் தலை சுற்றியதை மசக்கை என்று எழுதி அடுக்கில் வைத்துவிட்டேன். மாட்டை எழுதியவர் அதிகாரி மட்டுமல்ல.

“ஆமாங்கத்தை” என்றேன். “எனக்கும் ஆடுச்சுங்க.”

அத்தை என் வயிற்றில் கையை வைத்தார். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது.

“மூணு பேரு உணர்ந்திருக்கறோம். ஒத்தை எழுத்துப் போட்டிருக்கறாங்க” என்றார். கையை எடுக்கவில்லை. “செரி, போவுது. இனி என்னையப் பொய்க்காரின்னு ஒருத்தரும் சொல்ல முடியாதல்ல?”

“முடியாதுங்கத்தை” என்றேன்.